படம் வெளியே, எழுத்து உள்ளே

பாளையங்கோட்டையில் போஸ்டர் அடிக்கும் சிறிய கடை என்னுடையது. எனக்குப் பழகிய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் புது விண்டோஸில் ஓடாது. அதனால் கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய விண்டோஸை விர்ச்சுவல் மெஷினாக ஏற்றியிருக்கிறேன். இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் உண்டு. அவசரம் என்றால் மட்டும் அது வேலை செய்யாது.

அன்று ஒருவர் தன் அண்ணனுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வந்தார். மாலையில் உடலை எடுக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய படத்தைப் பொது ஃபோல்டரில் போட்டேன். பழைய விண்டோஸுக்குள்ளே போய்ப் பார்த்தால் காலி. மூடித் திறந்தேன். பென் டிரைவ் செருகினேன். அதையும் அந்தச் சனியன் கண்டுகொள்ளவில்லை.

“மெஷின் ரிப்பேரா அண்ணாச்சி?”

“ரிப்பேரும் இல்ல, ஒரு எழவும் இல்லவே! படம் இங்கன கெடக்கு, எழுத்து அங்கன கெடக்கு. ரெண்டும் ஒரே பெட்டிதான், ஒண்ணு கண்ணுக்கு ஒண்ணு தெரிய மாட்டேங்கு!”

கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. “நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஒரே வீடு, நடுவுல சுவரு. அவன் வந்து பேசட்டும்னு நானும் இருந்துட்டேன்” என்றார்.

கடைசியில் பார்த்தால், வெளியே புது விண்டோஸிலிருந்து தர வேண்டிய அனுமதியை நான் அன்று தரவே இல்லை. இத்தனை நேரமும் உள்ளேயே குடைந்திருக்கிறேன்.

படம் வந்தது. அண்ணன் முகத்தைத் திரையில் பார்த்தவர் மெதுவாகக் கேட்டார்: “குடும்பத்தார் பேருல என் பேரைச் சொல்லாம விட்டுட்டேன். ஓரமாப் போட முடியுமா அண்ணாச்சி?”

படத்துக்கு நேர் கீழே, முதல் பெயராகப் போட்டேன்.

அந்த ஃபோல்டரை இப்போதும் திட்டத்தான் செய்கிறேன். ஆனால் வெளிப்பக்கம் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான்.