பச்சை வெல்வெட் சோபா

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். இது எனக்கு நடந்தது. அன்று நான் குடித்திருக்கவில்லை. தூக்கக் கலக்கமும் இல்லை.

ஒரு மரச்சாமான் கடைக்கு இணையதளம் கட்டிக்கொண்டிருந்தேன். முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் ‘குளோபல்’. வாயைத் திறந்தால் அதுதான் வரும். பழைய நாற்காலிக்கு பாலிஷ் போட்டு ‘இறக்குமதி’ என்று தலையில் கட்டுகிற ஆளுக்கு உலகச் சந்தை கேட்கிறது! தளத்துக்கு அவர் வைத்த பாஸ்வேர்டு கடையின் பெயர்தான். அதிலும் எழுத்துப்பிழை.

“விரலால தள்ளுனா சோபா சுத்தணும்ப்பா. குளோபல்ல எல்லாம் அப்படித்தான்.”

அதற்காக ஒரு சாயங்காலம் குடோனில் தனியாக இருந்தேன். தூசி வராமலிருக்க ஷட்டரை இறக்கிவிட்டேன். ஒருவர் மட்டும் உட்காரும் சோபா. மேலே புதுப் பச்சை வெல்வெட். சுழலும் மேடைமேல் வைத்தேன். மேடை மெல்லச் சுற்ற, கேமரா தானாகப் படம் எடுக்கும். படங்களை வரிசையாகக் கோத்தால் தளத்தில் சோபா சுற்றும். அவ்வளவுதான் வித்தை.

மணி ஐந்து பத்துக்குக் கோத்து முடித்தேன். லேப்டாப்பில் விரலால் தள்ளிப் பார்த்தேன்.

முதலில் மெத்தை சமமாக இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றி முன்பக்கம் வந்தபோது... நடுவில் பள்ளம்.

மட்டமான பஞ்சு என்று நினைத்தேன். குளோபல் சரக்கு வேறு எப்படி இருக்கும்?

மறுபடி தள்ளினேன். பள்ளம் இன்னும் ஆழம். கைப்பிடி வெல்வெட்டில் விரல்கள் அழுத்திய தடம்.

அதே படங்கள். புதிதாக ஒன்றும் எடுக்கவில்லை.

திரும்பி சோபாவைப் பார்த்தேன். மெத்தை சமமாகத்தான் இருந்தது.

இன்னொரு முறை தள்ளினேன். பள்ளம் இல்லை. தடம் இல்லை.

எழுந்துவிட்டது...

பின்னால், க்ரீச்.

மேடையிலிருந்து யாரோ இறங்கும் சத்தம்.

ஷட்டருக்கு ஓடினேன். தூக்கினேன். வரவில்லை.

காதருகே ஓர் இருமல். வயதானவரின் இருமல்...

எப்படி வெளியே வந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை குளோபலிடம் படத்தைக் காட்டினேன். பள்ளம் திரும்ப வந்திருந்தது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“இருக்கட்டும். மெத்து மெத்துன்னு தெரியுது. போட்டுடு.”

“சார், எடுக்கும்போது யாருமே உட்காரல.”

“உனக்கு வேலை வேணுமா, வேணாமா?”

வேண்டாம் என்று வந்துவிட்டேன். படத்தை அவரே வேறு ஆளை வைத்துப் போட்டுக்கொண்டார். அந்த மனிதரின் முதுகெலும்பே பேராசையால் செய்தது.

தளம் திறந்த வாரம் ஒரு பெண் அழைத்தார். குளோபலின் தங்கை. கடையில் என் எண்ணை வாங்கியிருந்தார்.

“தம்பி, அந்தப் பச்சை சோபா எங்கேருந்து வந்துச்சு?”

“ஏலத்துல எடுத்ததா உங்க அண்ணன் சொன்னாரு.”

“படத்துல அதோட கால்ல செப்புக் கம்பி சுத்தியிருக்கு. எங்க அப்பா சுத்துனது. அதுல உட்கார்ந்தபடியேதான் செத்துட்டாரு. அண்ணன் பக்கத்துத் தெரு. நாள் கணக்கா எட்டியே பார்க்கல.”



“அதே சோபாவுக்கா புதுத் துணி போட்டு விக்கிறாரு?”

“இல்ல தம்பி... அதை வெச்சுக்க முடியல. கொல்லைப்புறத்துல போட்டு எரிச்சுட்டோம். சாம்பலாகுற வரைக்கும் நின்னோம்.”

அவர் குரல் இறங்கியது.

“எண்ணெய் ஊத்துனதே அண்ணன்தான்.”