என் பிள்ளை கதைக்க வேண்டும் என்று கேட்டேன்

பின்னேரம் மூன்று மணி இருபது. வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸில், மகளின் கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். தலையணைக்குக் கீழே ஒரு கொப்பி. கடைசிப் பக்கத்தில், "நான் இல்லாவிட்டால் அம்மாவுக்குக் கரைச்சல் குறையும்" என்று எழுதியிருந்தாள்.

ஸ்கூல் வேன் அவளை இரண்டரைக்கே இறக்கிவிட்டிருக்க வேண்டும்.

ஷாமினிக்கு அப்போது பதினைந்து வயது. அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்தில். யுத்தத்தால் பாதை மூடி ஐந்து மாதம், கடிதமே இல்லை. கொழும்புக்கு வந்த நாள் தொடக்கம் நான் அவளுக்குச் சொன்னது ஒன்றுதான். "பஸ்ஸில தமிழ் கதைக்காத. அப்பா எங்க எண்டு ஆர் கேட்டாலும் வாய் திறக்காத." பிறகு அவள் வீட்டிலும் கதைக்கவில்லை. சாப்பாட்டை அளைந்துவிட்டு எழும்பிவிடுவாள். பிள்ளை சொல்வழி கேட்கிறாள் என்று நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

வேன்காரருக்கு டெலிபோன் எடுத்தேன். அவள் ஏறவேயில்லை என்றார். ஸ்கூலில் ஒருவரும் எடுக்கவில்லை. பொலிசுக்குப் போகப் பயம். அப்பாவைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, நான் மூடின வாயை நீர் திறவும்." வேறு வார்த்தை வரவில்லை.

அந்தத் தவணைதான் ஸ்கூலில் ஒரு மிஸ், பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்கப் பயிற்சி எடுத்து வந்திருந்தார். "சாக வேணும் எண்டு சிநேகிதி சொன்னா, அது காப்பாத்துற ரகசியம் இல்லை" என்று வகுப்பு வகுப்பாகச் சொன்னாராம். படிக்கிற நேரத்தில் இதெல்லாம் என்னத்துக்கு என்று முறுமுறுத்தவர்களில் நானும் ஒருத்தி. என் ஜெபத்துக்குப் பதில் அந்த மிஸ்ஸின் அறையில்தான் இருந்தது.

பிறகு டாக்டரிடமும் போனோம். நாள் எடுத்தது. இன்று ஷாமினி என்னோடு சண்டை பிடிக்கிறாள், அதற்கும் ஸ்தோத்திரம். அன்பானவர்களே, உங்கள் பிள்ளை திடீரென்று அமைதியாகிவிட்டால் பக்கத்தில் இருந்து கேளுங்கள். ஜெபியுங்கள், ஜெபித்த கையோடு ஸ்கூலிலும் டாக்டரிடமும் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். கர்த்தர் எந்த வாசலாலும் வருவார்.

எங்கள் வாசலுக்கு அன்று ஐந்து மணிக்கு ஒரு த்ரீவீலர் வந்தது. மிஸ் இறங்கினார். பின்னால் ஷாமினி. அவள் கையை விடாமல் அவளுடைய சிநேகிதி ரிஸ்னா.

"ஆன்ட்டி, யாருக்கும் சொல்லமாட்டன்னு சத்தியம் பண்ணிட்டு மிஸ்கிட்ட சொல்லிட்டேன்," என்றாள் ரிஸ்னா, அழுதுகொண்டே. "வழி முழுக்க என்னக் கிள்ளிக்கிட்டே வாறா."

ஷாமினி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, நான் கொஞ்சம் கதைக்கட்டே?"