மாயவன் அடைத்த வீடு

கடப்பாக்கத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் மாயவன் போய்ச் சுவரைத் தடவிப் பார்ப்பான். பிள்ளையைப் பார்க்க மாட்டான். கூரையும் சுவரும் சேருகிற இடத்தில் உள்ளங்கையை வைத்து, காற்று வருகிறதா என்று பார்ப்பான். வரவில்லையென்றால் இடுப்பில் செருகிய துறப்பணத்தை எடுத்து, கேட்காமல் கொள்ளாமல் ஒரு துளை போட்டுவிட்டுப் போவான். "கிறுக்குப் புடிச்சிகீது" என்று ஊரில் சிரிப்பார்கள். சிரித்தாலும் துளையை யாரும் அடைப்பதில்லை.

அதே மாயவன் ஒரு காலத்தில் அடைப்பதற்குப் பேர்போனவன். படகுப் பலகைகளுக்கு நடுவே வைக்கோலைத் திணித்து, கயிற்றால் இழுத்துத் தைத்து, குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கிப் பூசினான் என்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே ஏறாது. அதில் அவனுக்குத் தலைக்கனமும் உண்டு. கடப்பாக்கத்தில் தலைக்கனம் இல்லாத ஆண்பிள்ளையைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

எழுபத்திரண்டாம் வருஷம் அவன் வீட்டுக்கு மேற்கே கிளிஞ்சல் சுடுகிற காளவாய் ஒன்று வந்தது. மேல்காற்று அடித்தால் புகையும் சுண்ணாம்புத் தூளும் நேரே வீட்டுக்குள்தான். அவன் மனைவி வச்சலாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. காளவாய் வந்தபின் அவள் படுத்துத் தூங்கியதே இல்லை. உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவிப்பாள்.

"ஊரான் படகெல்லாம் அடைக்கிற. நம்ம வூட்டுல எத்தினி சந்து கீது, அது கண்ணுக்குத் தெரியல இன்னா?" என்று ஒருநாள் கேட்டாள்.

அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று நாள் கடலுக்குப் போகவில்லை. சுவர் வெடிப்பு, கூரைச் சந்து, கதவிடுக்கு ஒன்று விடாமல் வைக்கோலும் கயிறும் திணித்துக் குங்கிலியம் பூசினான். புகை வருவதோ மேற்கிலிருந்து. அந்தப் பக்கத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் படகில் ஒரு பக்கத்தை மட்டும் அடைப்பது உண்டா? நான்கு பக்கமும் அடைத்தான். முடித்ததும் கன்னத்தைச் சுவரில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினான்.

வச்சலாவின் இழுப்பு அடங்கியது. சமையல் வெளியே கொட்டகையில் நடந்ததால் அடுப்புப் புகையும் இல்லை. ஊரே வந்து பார்த்து வாயைப் பிளந்தது. அவள் மல்லாந்து படுத்துத் தூங்குவதை அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

மறுவருஷம் ஐப்பசி அடைமழையில் பெண் குழந்தை பிறந்தது. பதினோராம் நாள் காலை குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, ஈரக்காற்று படக்கூடாதென்று கதவை இழுத்துச் சாத்தினார்கள். பிள்ளைப்பேறு நடந்த வீட்டில் எல்லோரும் செய்வதுதான். குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று கும்முட்டி அடுப்பு நிறையக் கரித்தணலும் உள்ளே வைத்தார்கள். மாயவன் கரையில் படகை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். உச்சிவேளைக்கு வந்து கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. அவன் அடைத்த கதவல்லவா, மழையில் ஊறி இறுகிக் கிடந்தது. உடைத்துக்கொண்டு போனான். வச்சலா மயங்கிக் கிடந்தாள். குழந்தை தூங்குவதுபோல் இருந்தது; உடம்பு சில்லிட்டிருந்தது.

வச்சலா பிழைத்துக்கொண்டாள். குழந்தையைக் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றது ஊர். வச்சலாவும் அப்படியே நம்பினாள். மாயவனும் நம்பியிருப்பான், நர்ஸ் ஜெசிந்தா வராமல் இருந்தால். கருங்குழிக்காரி அவள். வச்சலாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அவனிடம் தனியாகச் சொன்னாள்.

"கரி நெருப்பு புகை காட்டாதுங்க. ஆனா விஷம் கக்கும். சந்து பொந்து இருந்தா வெளிய போயிருக்கும். இந்த வூட்டுல அது எங்க போவும்?"

அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "நீங்க என்ன வேணும்னேவா செஞ்சீங்க?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதே வச்சலாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னானா? அலைக்கு அஞ்சாத மனுஷனுக்கு அந்த ஒரு பேச்சுக்கு நாக்கு எழவில்லை. அவள் கிணற்றுக்குப் போன நேரம் பார்த்து, கூரைக்குக் கீழே கிழக்குச் சுவரில் துறப்பணத்தால் விரல் தடிமனுக்கு ஒரு துளை போட்டான். அதோடு தன் கடன் தீர்ந்தது என்று நினைத்தான்.

அன்று பிற்பகல் கடல்காற்று எழுந்தது. உள்ளே வர வேறு வழியில்லாத காற்று புகுந்து துளை ஓசையிட்டது. மெல்லியதாய், இழுத்து இழுத்து. வச்சலா முறத்தைக் கீழே போட்டாள்.

"கொழந்த அழுவுதுய்யா."

மாயவன் நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். தானே போட்ட துளைதான். அவனுக்கும் அது குழந்தையின் அழுகையாகவே கேட்டது.

தினமும் காற்று எழும், தினமும் அழும். வச்சலா ஒரு கொட்டாங்கச்சியில் பால் ஊற்றி அந்தச் சுவரடியில் வைப்பாள். எறும்பு மொய்ப்பதைப் பார்த்துக்கொண்டு அவன் சோறு தின்பான். பேய்வீடு என்று வாசலைத் தாண்டிப் போக ஆட்கள் பயந்தார்கள்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. வச்சலா மறுபடி உண்டானாள். இப்போது அவளுக்குப் பயம் வந்தது. தனியாகக் கிடக்கும் மூத்தது இளையதைக் கூப்பிட்டுக்கொள்ளும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஓசை வரும் இடத்தைக் கண்டுபிடித்துத் துணியைத் திணித்தாள். அவள் நகர்ந்ததும் மாயவன் பிடுங்கிப் போட்டான். அவள் மறுபடி திணிப்பாள், மறுபடி துணி தரையில் கிடக்கும். அதைக் கண்டு அவள் வெளிறிப் போவாள். அந்த வீட்டில் பேய் என்று ஒன்று இருந்ததென்றால் அது மாயவன்தான்.

ஒன்பதாம் மாதம். ஒருநாள் காலை அவள் குங்கிலியத்தை உருக்கி, சட்டியை அவன்முன் வைத்தாள்.

"நான் வச்சா நிக்க மாட்டேங்குது. அது புடுங்கிப் போடுது. நீ அடை. உன் கை அடைச்சா எதுவும் உள்ள வராது."

சட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இந்தத் துளையையும் அடைத்தால் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் போகும்.

"அது புடுங்கல" என்றான். "நான் புடுங்குனேன். ஓட்ட போட்டதும் நான்தான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். கரி, விஷம், ஜெசிந்தா சொன்னது, தன் கை.

"அப்ப அழுதது?"

"காத்து."

"நான் பால் வச்சிகினு இருந்தேனே, பாத்துகினுதான இருந்த?"



அவள் அரிவாள்மணையின் பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்தாள். தன்னைத்தான் வெட்ட வருகிறாள் என்று நினைத்து அவன் அசையாமல் இருந்தான். வெட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் கிழக்குச் சுவருக்குப் போய், நிறைவயிற்றோடு எம்பி, அடைப்பைச் சுரண்ட ஆரம்பித்தாள். அவனும் எழுந்து போய்ச் சுரண்டினான். கிழக்கு முடிந்து, வடக்கு முடிந்து, தெற்கும் முடிந்தது. அவன் மேற்குப் பக்கம் திரும்பினான்.

"அத்தத் தொடாத" என்றாள். "காளவாய்ப் பக்கம் அடைச்சது சரிதான்."

பிற்பகல் கடல்காற்று எழுந்தது. கூரைச் சந்து முழுவதும் திறந்து கிடந்ததால் தாராளமாக உள்ளே வந்து, கொடியில் கிடந்த புடவையை அசைத்துவிட்டுப் போனது. துளையில் ஓசையே இல்லை. வச்சலா சுவரடியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள்.

"இனிமே அது அழுவாதாய்யா?"

"அழுவாது."

பால் வைக்கும் கொட்டாங்கச்சியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குழந்தை செத்த அன்று அழாத அழுகையை வச்சலா அப்போதுதான் அழுதாள்.