மழை அழிக்கும் சொல்

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரில் க்ளிஃப் ஹார்டகரைத் தெரியாத வீடு கிடையாது. நகராட்சியில் குழாய் வேலை பார்த்தவர். ஒரு கிறிஸ்துமஸ் அன்று, தட்டில் வான்கோழிக் கறி விழுந்த நேரம் பார்த்து, அடுத்த தெருவில் குழாய் உறைந்து வெடித்துவிட்டது என்று ஆள் வந்தது. எழுந்து போனார். திரும்பி வந்து, ஆறிப்போனதை முணுமுணுக்காமல் சாப்பிட்டார். அவருக்கும் சேர்த்து மனைவி மேவிஸ் முணுமுணுத்தாள்.

சாயங்காலமானால் மதுக்கடையில், வட்டப் பலகையில் குட்டி அம்பு எறியும் டார்ட்ஸ் ஆட்டம். எறிவதில் க்ளிஃப் சுமார்தான். ஆனால் பலகை ஓரம் சாக்பீஸோடு நின்று புள்ளி எழுதுவது முப்பது வருஷம் அவர் வேலை. சொந்த அணி தோற்றாலும் ஒரு புள்ளி கூட்டிப் போட மாட்டார்.

"க்ளிஃப் நல்ல ப்ளோக்" என்பார்கள். நம்மூரில் 'நம்ம ஆளு' என்று தோளைத் தட்டிச் சொல்கிறோமே, அந்த மாதிரி. அந்த ஊர் ஆண்கள் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

அவர் இறந்ததும் கல்லறைக் கல்லில் அதையே பொறிக்க வேண்டுமென்றாள் மேவிஸ். பாதிரியார் பெல்லம் மறுத்தார்.

"கொச்சை வார்த்தை இங்க கூடாதும்மா. விதி அப்படி. 'கனவான்'னு போடலாமே?"

"கனவானா? அந்த மனுஷன் கேட்டா சிரிச்சே ரெண்டாந்தரம் செத்திருப்பாரு! அந்த இடம் வெறுமையாவே இருக்கட்டுங்க."

கல் நட்ட மறுநாள் அணித் தலைவர் வில்ஃப் வந்தார். பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, பேருக்குக் கீழே 'நல்ல ப்ளோக்' என்று எழுதினார். மழை அழித்தது. வேறொருவர் வந்து எழுதினார். பிறகு யார் என்றைக்கு எழுதுவது என்று மதுக்கடைப் பலகையிலேயே முறை போட்டுக்கொண்டார்கள்.

"என்னய்யா எழுத்து இது, கோழி கிளறின மாதிரி? க்ளிஃப் எந்திரிச்சு வந்து திருத்திடுவான்!" என்று ஒருவரையொருவர் கிண்டலடித்தார்கள்.

மேவிஸுக்குப் பெருமை தாங்கவில்லை. எந்தச் சீமாட்டியின் புருஷனுக்கு இது கிடைக்கும்?

ஒரு வருஷம் இதைப் பார்த்துக்கொண்டிருந்த பெல்லம், தாமாகவே பிஷப்புக்கு எழுதி அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தோடு கல்லறைக்கு வந்து மேவிஸிடம் நீட்டினார்.

"இனிமே கல்லுலயே வெட்டிக்கலாம்மா."

மேவிஸ் கடிதத்தைப் படித்து மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"ரொம்ப நன்றிங்க. ஆனா வேண்டாம். வெட்டிட்டா, அப்புறம் இவங்க எதுக்கு வரணும்?"

காலையில் பெய்த மழையில் கல் ஈரமாக இருந்தது, எழுத்து போயிருந்தது. மேவிஸ் அதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துப் பாதிரியாரிடம் நீட்டினாள்.

"இன்னிக்கு உங்க முறைங்க."