கேட்க முன்னரே தண்ணீர் தந்த அம்மா

வல்வெட்டித்துறையில் பிறந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே கண்மூடியவர் எங்கள் அம்மா. 'எங்கள்' என்று வழக்கத்துக்காக எழுதுகிறேன். அம்மாவுக்கு நான் ஒருவன்தான். கப்பல் வேலைக்குப் போன அப்பா, நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்க முன்னரே காலமாகிவிட்டார். அதன்பின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். இப்போது நான் மட்டும்.

கைக்குழந்தையிலேயே என்னை உயிர் தப்பாத பிள்ளை என்று சொல்லிவிட்டார்களாம். காரணமில்லாமல் காய்ச்சல் வரும். குடித்த பாலைக் கக்குவேன். உடம்பு தேறவில்லை. ஈரத்துணி மாற்றியே அம்மாவின் பொழுது போனது. "தண்ணியைக் குறை பிள்ளை, குடுக்கக் குடுக்க மூத்திரம் பெய்துகொண்டுதானே இருப்பான்" என்றார்கள் அயலவர்கள். அக்கறையில் சொன்னதுதான். அம்மாவும் குறைத்தார். நான் அழவும் தெம்பில்லாமல் துவண்டபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

கிருமிக் காய்ச்சல் என்றுதான் அங்கே மருந்து தொடங்கினார்கள். பிள்ளைகளைப் பார்க்கும் டொக்டர் அம்மா ஒருவர், வேறு என்ன செய்கிறான் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

"பாலைத் தள்ளிப்போட்டுத் தண்ணிக்கு அழுறான் டொக்டர். எனக்கு விசரெண்டு நினையாதேங்கோ."

"இல்லை, நல்ல காலம் சொன்னியள். உங்கடை குடும்பத்திலை ஆம்பிளைப் பிள்ளையள் ஆரும் சின்னனிலை தவறினவையோ?"

அம்மாவின் தம்பி ஒருவர் தவழும் வயதில் இப்படியே காய்ந்து இறந்து போனவர். கண்ணூறு என்றுதான் வீட்டில் அதுவரை கதை.

சோதித்ததில், உடம்பில் நீர் வற்றி இரத்தத்தில் உப்பு ஏறியிருந்தது. அப்படியானால் சிறுநீர் கடுத்து மஞ்சளாக இருக்கவேண்டும். என்னுடையதோ கிணற்றுத் தண்ணீர் மாதிரி. நீர் போவதைக் குறைக்கும் மருந்து கொடுத்தும் அது மாறவில்லை. "தண்ணியைப் பிடிச்சு வை எண்டு மூளை சொல்லுது, சிறுநீரகத்துக்கு அது கேக்கேல்லை. சீனி வருத்தம் இல்லை, இது பிறவியிலை வாறது. முற்றாய் மாறாது. ஆனால் தண்ணி குடுத்தால் வாழுவான். பிள்ளைக்குக் கேக்கத் தெரியாது, கேக்க முதலே குடுங்கோ" என்றாராம் அவர்.

அன்று பிடித்த போத்தலை அம்மா பிறகு கீழே வைக்கவேயில்லை. கலியாண வீடானாலும் கோயிலானாலும் என் பின்னால் போத்தலோடு நின்றார். பெடியள் சிரித்தால் ஏச்சு விழும். அம்மாவின் வாய்க்குப் பயந்தே பலர் எனக்குச் சிநேகிதரானார்கள். தன் குடும்பத்து வழியில் வந்த வருத்தம் என்ற கவலையை மட்டும் யாரோடும் கதைக்காமல் தனியே சுமந்தார். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

புற்றுநோய் வந்து கட்டிலோடு கிடந்த மாதங்களிலும், படியில் என் காலடி கேட்டால் "போத்தல் எடுத்தனியோ?" என்பார். இப்போது வாசலில் கொஞ்சம் நின்றுதான் போகிறேன். யாரும் கேட்பதில்லை.

நோயில் பார்த்த வைத்தியர்களுக்கும், செத்தவீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்களுக்கும் என் நன்றி. அம்மாவின் கடைசித் தம்பியான மாமாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

கொள்ளி வைக்கும் பிள்ளை தகனம் முடியும்வரை பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை என்பது எங்கள் பக்க வழக்கம். கிரியை நீண்டது. சுடலையில் நல்ல வெயில். நாக்கு ஒட்டி, தலை சுற்றியது. அம்மாவின் காரியத்தில் குறை வரக்கூடாது என்று தண்ணீர் கேட்காமல் நின்றேன். மாமா மடியிலிருந்து போத்தலை எடுத்தார்.

"கொள்ளி வைக்க முதல் குடிக்கக்கூடாது" என்றார் பெரியவர் ஒருவர்.

"அக்கா சொல்லிப்போட்டுப் போனவ. 'என்ரை செத்தவீட்டிலை அவனைத் தண்ணியில்லாமல் நிப்பாட்டிப்போடாதை' எண்டவ. குடி மருமோன்."

ஊர் ஆஸ்பத்திரியில் அம்மாவின் வாயில் கடைசிப் பால் விட்டவன் நான். அம்மா எனக்குத் தந்த கடைசித் தண்ணீரைச் சுடலையில் நின்று குடித்தேன்.