மூன்றாவது நாற்காலிக்கு வந்த கறிக்கடைக்காரர்

என் அண்ணன் நாற்பத்தாறு வயது வரைக்கும் கறி வெட்டினார். சந்தைக்குள் நுழைந்ததும் வருகிற பெரிய கறிக்கடையில், வெட்டுக்கட்டைக்குப் பின்னால் நிற்பது அவர்தான். துண்டத்தைக் கட்டை மேல் போட்டதும் இடது உள்ளங்கையை அதன் மேல் வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். எலும்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் கத்தி இறங்கும்.

முதலாளி காலமானதும் அவர் மகன் எலும்பறுக்கும் மிஷின் ஒன்றை வாங்கி வைத்தான். மிஷினுக்கு ஒரே ஆள் போதும், அதுவும் சின்ன வயதாக இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டான். அண்ணன் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என்ன ஆச்சு என்று அண்ணி கேட்டதற்கு, "வெட்டுறவனையே வெட்டி விட்டுட்டாங்க" என்று சிரித்தாராம். அன்று அவர் சாப்பிடவில்லை.

அதே சந்தைத் தெருவில்தான் என் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். மூன்று நாற்காலிகள். ஒன்று அவருக்கு, ஒன்று கூட இருக்கும் வேலையாளுக்கு. மூன்றாவது சும்மா கிடந்தது. முடி கூட்டுவதும் துண்டு துவைப்பதும் என் பொறுப்பு. அதனால் நடந்ததெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

"கத்தி பிடிச்ச கைதானே மச்சான், கத்தி சின்னதாயிடுச்சுன்னு நினைச்சுக்குங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

பலூனில்தான் சவரப் பயிற்சி ஆரம்பித்தது. ஊதின பலூன் மேல் சோப்பு நுரையைப் பூசி, பலூன் உடையாமல் நுரையை மட்டும் வழிக்க வேண்டும். ஊதித் தருவது அண்ணன் மகள். படார் என்று சத்தம் கேட்கும்போதெல்லாம் அடுத்த அறையிலிருந்து, "அப்பா, இன்னொருத்தரும் போயிட்டாரா?" என்று கேட்பாள். முடி வெட்டப் பழக உறவுக்காரர் தலையெல்லாம் உதவியது. எங்கள் சின்ன அண்ணன் ஒரு மாதம் தொப்பி போட்டுக்கொண்டே வேலைக்குப் போனார். கடைசியில் பலூன் உடைவது நின்றது. சின்ன அண்ணனும் தொப்பியைக் கழற்றினார். அண்ணன் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு மூன்றாவது நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

யாரும் உட்காரவில்லை. தெருவில் அவரைத் தெரியாதவர் யார்? காத்திருக்கும் பெஞ்சில் நாலு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அந்த நாற்காலி காலியாகவே இருக்கும். எதிர்க்கடைத் தையல்காரருக்கு வாய் சும்மா இருக்காது.

"கறிக்கடையண்ணே, இங்க எலும்போடவா, எலும்பில்லாமலா?"

அண்ணன் சிரிப்பார். சிரித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைப்பார். அந்தக் கண்ணாடி அவ்வளவு பளபளப்பாக அதற்கு முன்னால் இருந்ததே இல்லை.

தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த வேன் டிரைவர் ஒருவர், விவரம் தெரியாமல் வந்து அதில் உட்கார்ந்தார். நான் மனசுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அண்ணன் துணியைப் போர்த்தி, கழுத்தில் முடிச்சுப் போட்டு, கத்திரியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து இடது கை தன் பழைய வேலையைச் செய்தது. டிரைவர் பிடரி மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி, எலும்பைத் தேடியது.

பெஞ்சிலிருந்து தையல்காரர், "அண்ணே, எனக்கு அரைக்கிலோ போதும்" என்றார்.

டிரைவர் கண்ணாடி வழியாக அண்ணன் முகத்தைப் பார்த்தார். "நீங்க... சந்தையில கறி..." என்றவர் முடிக்கவில்லை. கழுத்தில் கட்டின துணியோடு தெருவில் இறங்கி ஓடினார். துணியை மீட்க என் வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடினார். சிரிப்பு அடங்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

"இடது கைய சும்மா விடாதீங்க மச்சான்" என்றார் என் வீட்டுக்காரர், திரும்பி வந்து. "சீப்பைக் குடுத்து வைங்க அதுக்கிட்ட."

அதற்குள் தொழில் தெரிந்த இளைஞன் ஒருவன் அந்த நாற்காலியைக் கேட்டு வந்தான். காலி நாற்காலிக்கும் சேர்த்துத்தான் கடை வாடகை. மாதக் கடைசி ஞாயிறு வரைக்கும் பார்ப்போம் என்று என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். அண்ணன் கோபப்படவில்லை.

"அதுக்கப்புறம் நான் ஐஸ் கிடங்குக்குப் போயிடுறேன் மாப்ளே. சுமை தூக்க ஆள் கேக்குறாங்க."

கிடங்கு வேறு ஊரில். மாதத்துக்கு ஒரு தடவைதான் வீடு. அதைக் கேட்ட அண்ணி, அண்ணனின் சட்டைகளை எடுத்துப் பொத்தான் தைக்க ஆரம்பித்தாள்.

அந்த ஞாயிறும் வந்தது. கடை நிறையக் கூட்டம். இளைஞன் தன் பையோடு வாசலில் வந்து நின்றான். மூன்றாவது நாற்காலி காலி.

"யாராவது உட்காருங்கப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்க மச்சான்தானே?" என்றார் தையல்காரர். "முதல்ல நீங்க கழுத்தைக் குடுங்க. அப்புறம் நாங்க குடுக்குறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் தன் முகத்தைத் தானே வழித்துக்கொள்கிறவர். வேறொருவர் கத்தி தன் மேல் பட அவர் விட்டதில்லை, கூட இருக்கும் வேலையாளுக்கும் விட்டதில்லை. அன்று தாடி இரண்டு நாள் வளர்ந்திருந்தது. அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கண்ணாடி துடைக்கிற துணியை மடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் தன் வாடிக்கையாளரிடம், "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுப் போய் மூன்றாவது நாற்காலியில் சாய்ந்தார்.

"வழிச்சு விடுங்க மச்சான்."

அண்ணன் நுரை பூசினார். கத்தியில் புது பிளேடு மாட்டினார். சவரத்துக்குத் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், சீப்பைக் கொடுத்து இடது கையை ஏமாற்ற முடியாது. அந்தக் கை கழுத்தின் மேல் வந்தது. வந்து, அழுத்தியது.

அங்கே இருப்பது என் அண்ணன், இங்கே கிடப்பது என் புருஷன். யாருக்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் இரண்டு பேரையும் சேர்த்தே கடவுளிடம் ஒப்படைத்தேன். என் வீட்டுக்காரரின் கால் கட்டைவிரல் செருப்புக்குள் மடங்கியது. தலை அசையவில்லை.

கை மெல்லத் தளர்ந்தது. அண்ணன் ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தோலை இழுத்துப் பிடித்து, மேலிருந்து கீழாக வழிக்க ஆரம்பித்தார். முடித்துத் துண்டால் ஒற்றியபோது துண்டில் நுரை மட்டும்தான் இருந்தது. பிறகு அதை வாளியில் போடும்போது நானே பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "காதுக்குக் கீழ கொஞ்சம் விட்டுட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து தன் இடத்துக்குப் போனார்.

தையல்காரரை எல்லோரும் பார்த்தார்கள். அவர் பெஞ்சை விட்டு எழுந்து, வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, மூன்றாவது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"முடி மட்டும்தான்ணே. கத்தி அந்தப் பக்கமே இருக்கட்டும்."

"சரி" என்றார் அண்ணன்.

வாசலில் நின்ற இளைஞன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். அண்ணன் துணியைப் போர்த்தி முடிச்சுப் போட்டார். தையல்காரர் கண்ணை இறுக மூடி, தோளிரண்டையும் காதுவரை தூக்கிக்கொண்டார்.

"தோளை இறக்குங்க. கழுத்து தெரியல."

"தெரிய வேணாம்ணே, நீங்க வெட்டுங்க."

அண்ணன் இடது கையில் சீப்பை எடுத்துக்கொண்டார்.