கழுதைக்குட்டிக்கு வெள்ளி விழா

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் ஊர் தியேட்டர் வாசலில் ஒரு குதிரை நின்று மாலையைத் தின்றுகொண்டிருந்தது.

அது கழுதைக்குப் போட வேண்டிய மாலை. கழுதை கிடைக்கவில்லை. திண்டுக்கல் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் சிறுமலையில் வாழைத்தார் சுமக்கிற மட்டக்குதிரை ஒன்றை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். "காது மட்டுந்தான்க்கா கொஞ்சம் சின்னது... மத்தபடி எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒரு ரசிகர் எனக்கு விளக்கம் சொன்னார். தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். எனக்கு அன்றைக்கு முழங்கால் வலி வேறு.

விஷயம் இதுதான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் தமிழில் டப் ஆகி வந்த ஒரு வெளிநாட்டு கார்ட்டூன் படம். ஒரு கழுதைக்குட்டியும் அதன் அம்மாவும் பாலைவனத்தைத் தாண்டி, பச்சைப் புல் இருக்கிற ஒரு ஊருக்கு நடந்து போகிற கதை. படத்துக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் அதை யாரும் சொன்னதே கிடையாது. கழுதைப் படம். முடிந்தது.

அரை டிரவுசரோடு அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் இப்போது தொந்தியும் மீசையுமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். என் தம்பி சகாயராஜ்தான் அட்மின். அட்மினுக்கு அதிகாரம் இருக்கிறது அல்லவா? அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே சேர்த்துவிட்டான்.

விடிந்து போனை எடுத்தால் கழுதை. குட் மார்னிங் சொல்கிற கழுதை, பொங்கல் வாழ்த்து சொல்கிற கழுதை, கிறிஸ்துமஸ் தொப்பி போட்ட கழுதை... ஆபீஸில் மேனேஜர் முன்னால் நிற்கும்போது என் பையிலிருந்து ஒரு கழுதை கத்தும். சைலன்ட்டில் போட வேண்டியதுதானே என்பீர்கள். போட்டேன். "ஏன்க்கா ரிப்ளையே பண்ண மாட்டேங்குற?" என்று தம்பி வீட்டுக்கே வந்துவிட்டான்.

ரசிகர்களின் ஆசைக்கு ஓர் அளவு உண்டா? வெள்ளி விழாவுக்குப் படத்தை மறுபடியும் தியேட்டரில் போட வேண்டும் — சரி, நியாயமான ஆசை. அதோடு விடுவார்களா? பழைய தமிழ்க் குரல்கள்தான் வேண்டும், புதுக் குரல் போட்டால் ரகளை நடக்கும். இன்டர்வெல்லைப் பழைய இடத்திலேயே விட வேண்டும். கடைசியில் அம்மாக் கழுதை திரும்பி வந்து புல்லில் ஓடுகிற சீனுக்கு ஒன்ஸ்மோர் வேண்டும். சித்தையன்கோட்டைக்காரர் ஒருவர் இரண்டாம் பாகத்துக்கு முழுக் கதையையும் யோசித்து வாய்ஸ் மெசேஜில் அனுப்பினார். நானும் கேட்டேன். குட்டிக்குக் கல்யாணம் ஆகிற இடத்தில் தூங்கிவிட்டேன்.

எனக்கு இந்தக் கூத்தெல்லாம் தாங்குகிற தெம்பு இல்லை. ஆபீஸ், பஸ், அது போக இரண்டு வீட்டுச் சமையல். அது என்ன இரண்டு வீடு?

போன வருஷம் தம்பி சகாயத்தின் மனைவி ரீட்டா இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தாள். ஒரு வாரம்கூட இல்லை. நாகல் நகரில் என் வீட்டுக்கு அடுத்த தெருதான் அவன் வீடு. கீழே மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை, மாடியில் குடித்தனம். ஒரே மகள் ஜெனி. இரண்டாவது படிக்கிறாள். காலையில் என் வீட்டில் குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டு, அங்கே போய் அவளுக்குத் தலைசீவி விடுவேன். சாயங்காலம் அங்கே தோசை ஊற்றிவிட்டு இங்கே வந்து பாத்திரம் கழுவுவேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அலுப்பாக இருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன்.

உடம்பு அலுப்பை விடுங்கள்... தூங்கினால் போய்விடும். போகாத அலுப்பு ஒன்று அந்த வீட்டில் இருந்தது.

ரீட்டாவை அடக்கம் செய்த அன்றைக்கு ஜெனியை உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பிள்ளை பயந்துவிடும் என்று. திரும்பி வந்து "அம்மா எங்கப்பா?" என்று கேட்டாள். சகாயம் அப்போது நிற்க முடியாமல் நின்றுகொண்டிருந்தான். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா பாப்பா, வந்துருவா" என்று சொல்லிவிட்டான். அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அதுதான்.

சொல்லிவிட்டான். அப்புறம் அதை எப்படித் திரும்ப வாங்குவது? ரீட்டாவின் போட்டோவுக்கு மாலை போட முடியவில்லை. முதலாண்டு நினைவுப் பூசையை ஜெனி ஸ்கூலுக்குப் போன நேரமாகப் பார்த்து வைத்தான். கல்லறைத் திருநாளுக்குப் போய்வந்தால், மெழுகுவர்த்தி வாசம் வருகிறதா என்று சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டுதான் மாடி ஏறுவான். அந்த வீட்டில் வாய்விட்டு அழுவதற்கு ஒரு மூலை கிடையாது.

முதலில் தினமும் கேட்டுக்கொண்டிருந்த ஜெனி, அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை கேட்டாள். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள். சிரிப்பதையும் விட்டுவிட்டாள். "மறந்துட்டாக்கா" என்றான் சகாயம். மறக்கிற விஷயமா இது?

இந்த லட்சணத்தில்தான் கழுதைப் படத்துக்கு மகளையும் கூட்டிப் போகப் போவதாக வந்து நின்றான்.

"கூறு இருக்காடா ஒனக்கு?" என்று கேட்டேன். "அந்தப் படத்துல அம்மாக்காரி தொலஞ்சு போயி, கடைசியில திரும்பி வந்துரும்லடா. புள்ள அதப் பாத்துட்டு, நம்ம அம்மா எப்ப வரும்னு கேட்டா என்னடா சொல்லுவ?"

"அதெல்லாம் கேக்க மாட்டாக்கா."

"கேட்டா?"

கடையிலிருந்து கையோடு வந்திருந்த செம்புக் கம்பியை விரலில் சுற்றினான். "செத்த நேரம் சிரிப்பாக்கா. அம்புட்டுப் போதும். அந்தக் குட்டி வால வச்சு ஈ வெரட்டிட்டுக் கீழ விழுகும்ல... எனக்கு இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது."

"நெசத்த எப்பத்தான் சொல்லப் போற?"

"சொல்றேன்க்கா. சொல்லத்தான் போறேன்."

அவனும் சிரித்து ரொம்ப நாள் ஆகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரி, போய்த் தொலைவோம் என்று நானும் கிளம்பினேன்.

படக் கம்பெனி பெரிய ஊர்களில் மட்டும் மறுபடி வெளியிடுவதாக இருந்தது. திண்டுக்கல் அதில் இல்லை. குரூப்பில் ஒரே ஒப்பாரி. பிறகு எல்லோரும் திரண்டு தியேட்டர் மேனேஜர் காதர் பாயிடம் போனார்கள். எழுபது வயதைத் தொட்ட மனிதர், சின்ன வயதிலிருந்து அந்தத் தியேட்டரிலேயே கிடக்கிறவர். "நீங்க ஆளச் சேத்துக் கொண்டாங்கப்பா... ஒரு காலை ஷோ நான் வாங்கித் தாரேன்" என்று சொல்லியிருக்கிறார். சேர்த்துவிட்டார்கள். பெரிய நடிகர் படத்துக்குச் செய்கிற அத்தனையும் செய்தார்கள். ஃபிளெக்ஸ், சரவெடி, மேளம். ஃபிளெக்ஸில் கழுதைக்குட்டி கூலிங் கிளாஸ் போட்டிருந்தது. அப்புறம் அந்தக் குதிரை.

உள்ளே ஜெனி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். குட்டி ஈ விரட்டிக் கீழே விழுந்தது. தியேட்டரே விசிலடித்தது. ஜெனி பாப்கார்னை மென்றுகொண்டே லேசாகச் சிரித்தாள். சகாயம் படத்தையே பார்க்கவில்லை, அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். வந்தது வீண் போகவில்லை என்று நினைத்தேன்.

இன்டர்வெல் முடிந்து மணல் புயல் வந்தது. எங்களுக்குத் தெரிந்த படத்தில், புயல் அடித்து ஓயும், குட்டி தனியாக எழுந்திருக்கும், அம்மாவைத் தேடி நடக்கும், கடைசியில் அம்மா புல்வெளியில் ஓடி வரும்.

இந்தப் படத்தில், புயல் ஓய்ந்தபோது அம்மா மணலில் படுத்திருந்தது. குட்டி போய் மூக்கால் தள்ளியது. எழுந்திருக்கவில்லை. காதைக் கடித்து இழுத்தது. எழுந்திருக்கவில்லை. குட்டி அதன் வயிற்றுப் பக்கம் போய் ஒண்டிப் படுத்துக்கொண்டது.

நான் ஜெனி பக்கம் திரும்பினேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் — "டேய், என்னடா இது?" அவ்வளவுதான்... கொட்டகை இரண்டுபட்டது.

"அம்மாவக் கொன்னுட்டாய்ங்கடா!"

"புதுசா எடுத்துச் சேத்திருக்காய்ங்க!"

"பாய்! படத்த நிப்பாட்டுங்க பாய்! இது தப்பான படம்!"

படம் நின்றது. லைட் எரிந்தது. தடித் தடியான ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சண்டைக்கு நின்றார்கள். காதர் பாய் மெதுவாக நடந்து வந்து திரைக்கு முன்னால் நின்றார்.

"கத்தாதீங்கப்பா. படம் இதுதான். ஒங்களுக்குத்தான் அப்ப நாங்க வேற படம் காட்டிட்டோம்."

ஒருவருக்கும் புரியவில்லை. அவரே சொன்னார். "அப்ப நாந்தான் இங்க ஆபரேட்டரு. மொத நாளு இந்த எடம் வந்ததும் அம்புட்டுப் புள்ளைகளும் வீல்னு அழுதுருச்சுக. தாய்மாருக எல்லாம் புள்ளையத் தூக்கிட்டு வெளிய வந்து மொதலாளிய ஏசு ஏசுன்னு ஏசிட்டாக. அவரு மேல ஓடியாந்தாரு. 'காதரு, அந்தக் கழுதைய எப்படியாச்சும் காப்பாத்திருடா'ன்னாரு. நான் என்ன செய்ய? சாகுறத வெட்டி எடுத்தேன். மொத ரீல்ல, பஞ்சம் வாரதுக்கு முன்னால, அம்மாவும் குட்டியும் புல்லுல ஓடும்ல... அதுல ஒரு துண்ட வெட்டிக் கடைசியில ஒட்டிட்டேன். அந்தப் படப் பொட்டிதான் அப்புறம் பழனி, ஒட்டன்சத்திரம், நத்தம் எல்லாம் போச்சு."

ஆக, இருபத்தைந்து வருஷமாகத் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் மட்டும் அந்த அம்மா உயிரோடு இருந்திருக்கிறாள். உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

இத்தனை வருஷத்தில் ஒருவருக்குமா தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். ரசிகர்கள் படத்தைப் பார்ப்பதைவிட அதைப் பற்றிப் பேசுவதுதானே அதிகம்? அதுவும் போக, கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் குரூப்பில் வந்து "அம்மா சாகிற சீன் என்னை உலுக்கிவிட்டது" என்று எழுதியிருக்கிறார். படமே பார்க்காமல் புளுகுகிறான் என்று அவரைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். தூக்கியது அட்மின். என் தம்பி.

காதர் பாய் கையைப் பிசைந்தார். "இப்பப் பொட்டி கெடையாது, ரீலு கெடையாது. எல்லாம் கம்ப்யூட்டரு. நான் நெனச்சாலும் வெட்ட முடியாது. மிச்சத்த ஓட்டவா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

"வேணாம் பாய்!" என்றார்கள் நிறையப் பேர்.

சகாயம் எப்போதோ எழுந்துவிட்டான். ஜெனியின் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்தி, கண்ணைப் பொத்திப் பிடித்திருந்தான். "வா பாப்பா, போவோம். இந்தப் படம் நல்லால்ல. வேற படத்துக்குப் போவோம்..." நானும் பையைத் தூக்கிக்கொண்டேன்.

ஜெனி அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள். அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அத்த, படத்த ஓட்டச் சொல்லு அத்த."

"ஏன் பாப்பா?"

"அந்தக் குட்டி அப்புறம் என்ன செஞ்சுச்சுன்னு பாக்கணும்."

நான் பொது இடத்தில் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. பஸ்ஸில் சில்லறை கேட்கக்கூடக் கூச்சப்படுவேன். அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "பாய், ஓட்டுங்க பாய்! புள்ள பாக்கணுங்குது!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காதர் பாய் மேலே பார்த்துக் கையை அசைத்தார். லைட் அணைந்தது.

குரூப்பில் இப்போது இரண்டு கட்சி. உண்மையான படமே போதும் என்று ஒரு கட்சி, காதர் பாய் வெட்டி ஒட்டிய படத்தைத்தான் அடுத்த தடவை போட வேண்டும் என்று ஒரு கட்சி. அந்தப் பிரின்ட் எங்கே மக்கிப் போனதோ, அதைத் தேட ஆள் கிளம்பியிருக்கிறது. விடியற்காலையில் அதற்கும் ஒரு கழுதை கத்துகிறது. கத்திக்கொண்டு போகட்டும்... நான் சொல்ல வந்தது அதை இல்லை.

மிச்சப் படத்தில் அந்தக் குட்டி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ரொம்ப நேரம் அம்மாவின் பக்கத்திலேயே படுத்திருந்தது. வெயில் ஏறியது. தாகம் எடுத்தது. எழுந்து நாலு அடி போய்த் திரும்பிப் பார்த்தது. மறுபடி வந்து படுத்துக்கொண்டது. மறுபடி எழுந்தது. போனது. ஒரு குட்டையில் தண்ணீர் குடித்தது. ஜெனி சீட்டின் நுனிக்கு வந்து, முன் சீட்டில் தாடையை வைத்து, வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் சகாயத்தின் தோள் குலுங்கியது. ஒரு வருஷமாக அவன் அடக்கி வைத்த அழுகைக்கு அந்த இருட்டில்தான் இடம் கிடைத்தது. நான் தொடவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் சேலைத் தலைப்பு நனைந்துபோயிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவன் குனிந்து மகளின் காதுக்குப் பக்கத்தில் போனான்.

"பாப்பா... அம்மா ஆஸ்பத்திரியில இல்லடா. அப்பா பொய் சொல்லிட்டேன். அம்மா... இனிமே வர மாட்டாடா."

ஜெனி திரும்பவே இல்லை. பாப்கார்ன் பிசுக்கு ஒட்டிய கையால் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியும்ப்பா. படத்தப் பாருப்பா."

பார்த்தோம்.